கேபிளுக்குள் பார்க்கும் ரோபோவும் ஆய்வுக் கட்டுரை படிக்கும் மென்பொருளும்: எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இது: பாலங்களின் கேபிள்களில் ரோபோக்கள் ஏறிச் சோதிக்கின்றன. இன்னொரு பக்கம், லட்சக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை மென்பொருளே படித்து, அதிலுள்ள அறிவைத் தரவாகப் பிரித்துக் கொடுக்கிறது. இவை எப்படி வேலை செய்கின்றன? மனிதர் பார்ப்பதைவிட நம்பகமானவையா? ஒரு பாலத்துக்கு ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எதை வாங்குவது?

இரண்டு பக்கமும் சில காலம் வேலை பார்த்தவன் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். கேபிளிலிருந்து தொடங்கலாம்.

தூரத்திலிருந்து பார்த்தால் தொங்கு பாலத்தின் கேபிள் ஒரே தடித்த இரும்புக் குழாய் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது கம்பிக் கட்டு. கோல்டன் கேட் பாலத்தின் ஒவ்வொரு முதன்மைக் கேபிளிலும் 27,572 கம்பிகள். ஒரு கம்பி பென்சில் பருமன்கூட இல்லை. எல்லாவற்றையும் நெருக்கிக் கட்டி, மேலே ஒரு கம்பியை இறுக்கமாகச் சுற்றி, பெயின்ட் அடித்துவிடுவார்கள். கோபுரத்திலிருந்து சாய்வாக இறங்கும் கேபிள்கள் தாங்குகிற பாலங்களில் கம்பிகள் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். எந்த வகையானாலும் முக்கியமான பொருள் கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கலாம்.

இதற்கான விலையைப் பலர் கொடுத்திருக்கிறார்கள். 1967 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். அது கம்பிக் கேபிள் அல்ல, துளையுள்ள இரும்புப் பட்டைகளைக் கோத்த சங்கிலி. ஒரு பட்டையின் துளை ஓரத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருந்த விரிசல்தான் தொடக்கம். அது இருந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பட்டைகளின் இணைப்பையே கழற்ற வேண்டும். 2018 ஆகஸ்ட் 14 அன்று இத்தாலியின் ஜெனோவாவில் மொராண்டி பாலம் விழுந்து 43 பேர் இறந்தார்கள். அங்கே சாய்வுக் கேபிள்களுக்குக் கான்கிரீட்டால் உறை போட்டிருந்தார்கள். பாதுகாப்புக்குப் போட்ட உறை, துருவையும் மறைத்துவிட்டது. 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் 135 பேர் இறந்தது நமக்கு நினைவிருக்கும். அறுந்த முதன்மைக் கேபிளில் இருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்தன, அவை முன்பே அறுந்திருக்கலாம் என்று விசாரணைக் குழு சொன்னது.

ரோபோ வருவதற்கு முன் எப்படிப் பார்த்தார்கள்? இன்றும் முதன்மைக் கேபிளுக்கு அதே வழிதான். சாரம் கட்டி, சுற்றுக் கம்பியைப் பிரித்து, கம்பிக் கட்டுக்குள் ஆப்பு அடித்து, சக்கைப் பலாவைப் பிளப்பதுபோல மையம்வரை பிளந்து, விளக்கு அடித்துப் பார்ப்பார்கள். கம்பியின் நிலையை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். முதல் படியில் துத்தநாகப் பூச்சு மங்கத் தொடங்கியிருக்கும். இரண்டாவதில் வெள்ளைத் துரு மூடியிருக்கும். மூன்றாவதில் பழுப்புத் துரு தலைகாட்டும். பரப்பில் 30 சதவீதத்தை அது தாண்டினால் நான்காவது. வேலை மெதுவானது, செலவு அதிகம். அதனால் ஒரு பாலத்தில் சில இடங்களை மட்டும் திறப்பார்கள், மற்றதைக் கணக்குப் போட்டு ஊகிப்பார்கள். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் சாலைப் பாலம் 1964-ல் திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டு கழித்து, 2004-ல் கேபிளைத் திறந்து பார்த்தபோது வலிமை 8 முதல் 10 சதவீதம்வரை குறைந்துவிட்டதென்று கணக்கிட்டார்கள். யாரும் எதிர்பார்க்காத அளவு அது. அதற்குப் பிறகுதான் கேபிளுக்குள் உலர்ந்த காற்றைச் செலுத்தும் அமைப்பை அங்கே வைத்தார்கள். ஜப்பானின் அகாஷி கைக்யோ பாலத்தில் 1998-லிருந்தே அது உண்டு. காற்றின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் இரும்பு துருப்பிடிப்பது ஏறக்குறைய நின்றுவிடும்.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். காந்தக் கசிவு முறைதான் எனக்குப் பிடித்தது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வலிமையான காந்தங்கள் உள்ள வளையத்தைக் கேபிளைச் சுற்றிப் பூட்டி, ரோபோ அதை மெல்ல மேலே இழுத்துச் செல்லும். வளையத்துக்குள் இருக்கும் இரும்பு முழுவதும் காந்தப் பாய்வால் நிரம்பிவிடும். எங்காவது கம்பி அறுந்திருந்தாலோ துருவில் மெலிந்திருந்தாலோ பாய்வுக்கு இடம் போதாமல் வெளியே வழியும். அந்தக் கசிவைச் சின்னச் சென்சார்கள் பிடிக்கும். உறையைப் பிரிக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கைக் காந்தம் கண்டுகொள்ளாது.

ஒருமுறை சோதனை மேடையில் ஒரு கேபிள் துண்டை வைத்து, உள்ளே இரண்டு கம்பிகளை நாங்களே அறுத்து, உறையை மூடி, கருவியை ஓட்டினோம். ஒன்றின் அறுந்த முனைகளை அரை சென்டிமீட்டர் விலக்கி வைத்திருந்தோம். இன்னொன்றின் முனைகள் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தன. திரையில் கோடு அமைதியாக ஓடியது, ஒரு இடத்தில் ஊசிமுனை மாதிரி எழும்பியது. அது விலக்கி வைத்த கம்பி. தொட்டுக்கொண்டிருந்த கம்பியின் இடத்தில் ஒரு சின்ன நடுக்கம், அவ்வளவுதான். இருக்குமிடம் தெரிந்ததால்தான் எங்களுக்கே கண்ணில் பட்டது. அப்புறம் எதிர்பாராத இடத்தில் பெரிய கூர்முனை ஒன்று. எல்லோரும் பரபரப்பானோம். பிரித்துப் பார்த்தால், கம்பிகளைக் கட்ட யாரோ சுற்றியிருந்த கட்டுக்கம்பி! அதாவது, இரும்பின் அளவு எங்கே மாறினாலும் கருவி அதைச் சொல்லும். அந்த மாற்றம் பழுதா இல்லையா என்பதை வேறு யாரோ சொல்ல வேண்டும்.

இந்த முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. கேபிள் மிகத் தடித்திருந்தால் மையம்வரை காந்தத்தால் நிரப்புவது கஷ்டம். அதனால் தொங்கு பாலத்தின் முதன்மைக் கேபிளுக்கு இது அவ்வளவாகச் சரிப்படாது, சாய்வுக் கேபிளுக்கும், முதன்மைக் கேபிளிலிருந்து இறங்கிப் பாலத்தளத்தைத் தாங்கும் தொங்கு கம்பிக்கும் பொருந்தும். இரண்டாவதுதான் தலைவலி. கேபிளின் இரு முனைகளிலும் ஆங்கர் என்கிற பிடிப்பகுதி இருக்கிறது. அங்கே எஃகுக் குழாயும் தட்டுகளும் சூழ்ந்திருப்பதால் வளையம் நுழையாது. தண்ணீர் வழிந்து சேர்வதும், கேபிள் வளைந்து வளைந்து களைப்பதும் பெரும்பாலும் அந்த முனையில்தான். ரோபோ 95 மீட்டரைத் துல்லியமாகப் பார்த்துவிட்டு, முக்கியமான கடைசி ஒன்றிரண்டு மீட்டரைத் தொடாமல் இறங்கிவிடும்.

அதிர்வெண் முறை பற்றியும் பலர் ஒரு தப்பான நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். கேபிளை வீணைத் தந்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது ஆடும் வேகத்தை அளந்தால் இழுவிசை கிடைக்கும். நீளத்தின் வர்க்கம், அதிர்வெண்ணின் வர்க்கம், ஒரு மீட்டருக்கான எடை, இவற்றைப் பெருக்கி நான்கால் பெருக்கினால் போதும். 100 மீட்டர் கேபிள், மீட்டருக்கு 60 கிலோ, நொடிக்கு ஒருமுறை ஆடுகிறது என்றால் இழுவிசை 24 லட்சம் நியூட்டன், கிட்டத்தட்ட 245 டன். ட்ரோனில் கேமரா வைத்தோ, ஒரு சின்னச் சென்சாரை ஒட்டியோ இதைத் தானாகவே அளக்கலாம். மலிவு, அழகு. ஆனால் 200 கம்பியில் 40 கம்பி அறுந்தாலும் பாலத்தின் எடை குறையாது. மிச்சம் 160 கம்பி அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அதிர்வெண் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கேபிள் எவ்வளவு சுமக்கிறது என்பதை இது சொல்லும். இன்னும் எவ்வளவு சுமக்க முடியும் என்பதைச் சொல்லாது. "அதிர்வெண் மாறவில்லை, எனவே கேபிள் நன்றாக இருக்கிறது" என்று யாராவது அறிக்கை கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஒலியைக் கேட்பது மூன்றாவது வழி. இழுவையில் இருக்கும் கம்பி அறும்போது டப்பென்று ஆற்றல் வெளிப்படும். அந்த ஒலி எஃகில் நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் வேகத்தில் ஓடும். 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு சென்சார்கள் இருந்து, ஒன்றுக்கு 4 மில்லி நொடி முன்னதாக ஒலி வந்தால், பாதை வித்தியாசம் 20 மீட்டர். அந்தச் சென்சாரிலிருந்து 40 மீட்டரில் அறுந்திருக்கிறது. ஃபோர்த் சாலைப் பாலத்தில் 2006-ல் இதை வைத்தார்கள். இது பகலும் இரவும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். ஆனால் மாட்டிய நாளுக்கு முன்னால் அறுந்த கம்பிகளைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது.

கேமரா ரோபோவைப் பற்றிச் சுருக்கமாக: நான்கு பக்கமும் கேமராவோடு உறைமேல் ஏறி, படம் பிடித்து, கீறல், வெடிப்பு எங்கே என்று நரம்பு வலைப்பின்னல் மென்பொருளால் கண்டுபிடிக்கும். உறையைத்தான் பார்க்கிறது, கம்பியை அல்ல. மழைத்தண்ணீர் வழிந்த கறையையும் நிழலையும் வெடிப்பு என்று எண்ணிவிடும் குணமும் உண்டு.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. கேபிள்களைப் பத்தாயிரம் துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கிறோம், உண்மையில் பழுதானவை பத்து என்று வைத்துக்கொள்வோம். பழுதில் 99 சதவீதத்தைப் பிடிக்கிற, நல்லதில் 99 சதவீதத்தை நல்லது என்று சொல்கிற மென்பொருள் இருக்கிறது. கேட்க அருமையாக இருக்கிறது. அது பத்துப் பழுதையும் அநேகமாகப் பிடிக்கும். கூடவே மிச்சமுள்ள 9,990 நல்ல துண்டுகளில் நூறைப் பழுது என்று கூவும். மொத்தம் 110 எச்சரிக்கை. பதினொன்றில் ஒன்றுதான் உண்மை. மூன்றாவது நாள் பொறியாளர் எச்சரிக்கையைப் பார்க்காமலே அடுத்ததைத் தட்டத் தொடங்கிவிடுவார். அதனால் "99 சதவீதத் துல்லியம்" என்று விளம்பரத்தில் பார்த்தால், பழுது எவ்வளவு அரிது என்பதைச் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, ஆய்வுக் கட்டுரைக்கு வருவோம். இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன், 1986-ல், குளிரில் விரல்களுக்கு ரத்தம் போகாமல் வெளுத்துவிடும் ரெய்னாட் நோயைப் பற்றிய கட்டுரைகளைப் படித்தார். அந்த நோயாளிகளுக்கு ரத்தம் தடித்திருக்கிறது என்று அவை சொல்லின. வேறொரு கட்டுரைக் கூட்டம், மீன் எண்ணெய் ரத்தத்தின் தடிமனைக் குறைக்கிறது என்றது. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டியதே இல்லை. மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாம் என்று ஸ்வான்சன் ஊகித்தார். சில ஆண்டுகளில் நடந்த ஒரு சிறிய மருத்துவப் பரிசோதனை ஓரளவு அதை ஆதரித்தது. 1988-ல் மக்னீசியத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் இதேபோல ஒரு தொடர்பைச் சுட்டினார். அவர் ஆய்வகத்தில் எதையும் செய்யவில்லை, அச்சில் இருந்ததைக் கோத்தார்.

இதையே இயந்திரத்தைக் கொண்டு செய்ய முடியுமா என்பதுதான் அப்புறம் வந்த எல்லா முயற்சியும். 2019-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள், பொருளறிவியலில் 33 லட்சம் கட்டுரைச் சுருக்கங்களை ஒரு மென்பொருளுக்குக் கொடுத்தார்கள். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு வருகிறது என்பதை மட்டும் அது கற்றது. வேதியியல் பாடம் ஒன்றும் நடத்தவில்லை. குறிப்பிட்ட ஆண்டுவரை வந்த சுருக்கங்களை மட்டும் கொடுத்துப் பார்த்தபோதும், வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் பொருள்களாகப் பிந்தைய ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட சிலவற்றை அது முன்கூட்டியே மேலே வரிசைப்படுத்தியது.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றாட வேலை வேறு மாதிரி. நேரத்தின் பெரும்பகுதி பிடிஎஃப் கோப்போடு மல்லுக்கட்டுவதில் போகும். மனிதர் கண்ணுக்கு அது பக்கம். கணினிக்கு "இந்த எழுத்தை இந்த இடத்தில் வை" என்ற ஆணைகளின் குவியல். பத்தின் மேல் கழித்தல் மூன்று என்று அச்சில் இருப்பது, கழித்தல் குறியும் மேலெழுத்தும் தொலைந்து 103 என்று வந்துவிடும். துருப்பிடிக்கும் வேகத்தை எடுக்கிறீர்கள் என்றால், ஒரு லட்சம் மடங்கு தப்பு! இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தில் இடது வரியையும் வலது வரியையும் சேர்த்துப் படித்துவிடும். 1950-களின் ஒரு பழைய கட்டுரையில் இடது பத்தியில் இருந்த "வெஜிடேட்டிவ்" என்ற சொல், வலது பத்தியில் இருந்த "எலக்ட்ரான் மைக்ரோஸ்கோபி"யோடு இப்படி ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு நுண்ணோக்கி முறை உலகத்திலேயே கிடையாது. அந்தச் சொற்றொடர் பிற்காலத்தில் பல கட்டுரைகளில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எக்செல் பண்ணிய கூத்து இன்னொன்று: செப்ட்2 என்ற மரபணுப் பெயரைச் செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும். தொல்லை தாங்காமல் 2020-ல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்.

எழுத்து ஒழுங்காக வந்த பிறகு மூன்று வேலைகள். வரியில் எது பொருள், எது அளவு, எது சூழல் என்று அடையாளம் காண வேண்டும். எந்த அளவு எந்தப் பொருளுக்கு உரியது என்று இணைக்க வேண்டும். அப்புறம் ஒரே பொருளை நூறு பேர் நூறு பெயரில் எழுதியிருப்பார்கள், அதை ஒன்றாக்க வேண்டும். மூன்றிலும் இணைப்பதில்தான் அதிகம் சறுக்கும். "துத்தநாகப் பூச்சுள்ள கம்பியில் உப்பு நீரில் வலிமை குறைந்தது, பூச்சில்லாததோடு ஒப்பிட இழப்பு சிறிதே" என்ற வாக்கியத்தில் எந்த இழப்பு யாருக்கு என்று பிரிக்க நமக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும்.

சாட்ஜிபிடி போன்ற புதிய மொழி மாதிரிகள் இதை முன்னைவிட நன்றாகவே செய்கின்றன, மறுக்க முடியாது. ஆனால் அவற்றுக்கு ஒரு பழக்கம்: இல்லாததை இருப்பதுபோல் இலக்கண சுத்தமாக எழுதிவிடும். மெட்டா நிறுவனம் 2022 நவம்பரில் அறிவியல் எழுத்துக்காகவே பயிற்றுவித்த கேலக்டிகா என்ற மாதிரியைப் பொதுமக்களுக்குத் திறந்து, மூன்றே நாளில் மூடியது. அதனால் என் விதி எளிது. எடுத்த ஒவ்வொரு எண்ணோடும், அது எந்தக் கட்டுரையின் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்பதும் அப்படியே ஒட்டியிருக்க வேண்டும். வாக்கியம் இல்லாத எண்ணை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை. கூடவே, இருநூறு கட்டுரைகளை இரண்டு பேர் தனித்தனியாகக் கையால் படித்துக் குறித்துவைத்து, அதோடு ஒப்பிடுவோம். அந்த இரண்டு பேரும் ஒத்துப்போகாத இடம் எவ்வளவு என்று பார்த்தால் இயந்திரத்தின் மேல் உள்ள கோபம் கொஞ்சம் தணியும்.

இரண்டு துறையும் எனக்கு முட்டிக்கொண்ட இடம் ஒன்றைச் சொல்கிறேன். பழைய பாலச் சோதனை அறிக்கைகளை மென்பொருளால் தரவாக்கும் வேலை. ஒரு அறிக்கையில் இப்படி இருந்தது: "கேபிளின் திறந்த பகுதியில் கம்பி அறுந்ததற்கான அறிகுறி இல்லை, கீழ் ஆங்கரை அணுக முடியவில்லை." மென்பொருள் எடுத்த தரவு: கேபிள் எண், தேதி, அறுந்த கம்பி, பூஜ்யம். இலக்கணப்படி தப்பில்லை. காற்புள்ளிக்குப் பின்னால் இருந்த பாதி வாக்கியத்துக்கு எங்கள் அட்டவணையில் கட்டமே இல்லை. "பார்த்தோம், இல்லை" என்பதும் "பார்க்கவில்லை" என்பதும் ஒரே பூஜ்யமாகிவிட்டன. முதல் தடவை ஆங்கரை நெருங்காமல் இறங்கியது கருவி. இரண்டாம் தடவை அதே ஆங்கரைத் தொலைத்தது வாசிக்கும் மென்பொருள். பத்து வருடம் கழித்து அந்த அட்டவணையைப் பார்ப்பவருக்குக் கேபிள் முழுவதும் சுத்தம்.

அதற்குப் பிறகு அட்டவணையில் "பார்க்காத பகுதி" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதை நிரப்பாமல் பதிவு சேமிக்க முடியாதபடி வைத்தோம். ஆரம்பத்தில் எல்லோரும் திட்டினார்கள். ரோபோ ஓட்டும் குழுவிடமும் இதையே கேட்டோம்: கண்டுபிடித்ததன் பட்டியலோடு, போகாத இடங்களின் பட்டியலும் மீட்டர் கணக்கில் வேண்டும்.

மனிதரைவிட நம்பகமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே வேலையைப் பத்தாயிரம் தடவை அலுக்காமல் செய்வதில் இயந்திரத்தோடு போட்டி போட முடியாது. 80 மீட்டர் உயரத்தில் காற்றில் தொங்கிக்கொண்டு உறையைப் பார்க்கும் மனிதர் மூன்றாவது மணிநேரத்தில் எதையும் கவனிக்க மாட்டார், அது அவர் குற்றமும் இல்லை. ஆனால் ஆங்கர் மூடியைத் திறந்ததும் வரும் ஈர வாசனை, கிரீஸ் நிறம் மாறியிருப்பது, பக்கத்துக் கேபிள் மட்டும் காற்றில் வேறு மாதிரி ஆடுவது, இதையெல்லாம் கவனிக்கும்படி யாரும் ரோபோவுக்குச் சொல்லி வைக்கவில்லை. அனுபவசாலி ஒருவர் அரை நாள் ஆங்கர்களோடு மட்டும் செலவிட்டால் போதும். நடுவே உள்ள நீளத்தை ரோபோவிடம் விட்டுவிடலாம்.

ஒரே கருவிக்குத்தான் பணம் என்றால்: பாலம் புதியது, கேபிள்களின் தொடக்க நிலை தெரியும் என்றால் ஒலிச் சென்சார். முதல் கம்பி அறுவதிலிருந்தே கணக்கு கையில் இருக்கும். பாலம் பழையது, உள்ளே என்ன நடந்ததென்று தெரியாது, சாய்வுக் கேபிள் வகை என்றால் காந்தக் கருவியை வாங்கவே வேண்டாம், ஒருமுறை வாடகைக்கு எடுத்து எல்லாக் கேபிளையும் ஓட்டிவிடுங்கள், மிச்சப் பணத்தில் ஆங்கர் மூடிகளைத் திறந்து பாருங்கள். தடித்த முதன்மைக் கேபிள் உள்ள தொங்கு பாலம் என்றால் சோதனைக் கருவிக்கு முன்னால் உலர்காற்று இயந்திரத்தை யோசியுங்கள். அதிர்வெண் சென்சார் மட்டும் போதும் என்று யாராவது மலிவாக விற்க வந்தால், 200-ல் 40 கம்பி அறுந்தால் உங்கள் கருவி என்ன காட்டும் என்று கேட்டுப் பாருங்கள்.